பழைய டேனரி நிலத்தில் வீடு கட்டப் போகிறீர்களா? ஆய்விலிருந்து அஸ்திவாரம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, திண்டுக்கல் என்று டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், ஓடிய ஊர்களில் மூடிய ஷெட்கள் ஒவ்வொன்றாக விலைக்கு வருகின்றன. வாங்குகிறவர் முதலில் கூப்பிடுவது ஜே.சி.பி.யைத்தான். புதரை எடுத்து, பழைய குழிகளை மூடி, நிலத்தைச் சமப்படுத்திவிட்டால் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் தோல் பதனிட்ட நஞ்சு அந்த மண்ணில் ஊறியிருக்கலாம். அதைச் சோதிக்காமல் மண்ணை அசைப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகச் செலவு வைத்த தவறு.

ஒரு இடத்தில், மூன்று ஏக்கர் நிலத்தின் ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் படிந்த மண் குவிந்து கிடந்தது. அதையே அள்ளி நிலம் முழுக்கப் பரப்பிப் பள்ளங்களை நிரப்பிவிட்டார்கள். நாற்பது ஐம்பது லோடில் முடிந்திருக்க வேண்டிய வேலை மூன்று ஏக்கருக்கும் பரவியது. அதனால் இந்த வழிகாட்டியின் வரிசையை மாற்றாதீர்கள். காகிதம், மனிதர்கள், நடை, வரைபடம், மாதிரி, அதற்கெல்லாம் பிறகுதான் மண்ணை அசைப்பது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

புல எண் வாரியாக எஃப்.எம்.பி. (நில அளவை) வரைபடம், வில்லங்கச் சான்று, பட்டா நகல். தடித்த கையுறைகள், கண்ணாடி, முகமூடி, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். நச்சு வாயுவைக் காட்டும், கையில் பிடிக்கும் மீட்டர் ஒன்று (வாடகைக்குக் கிடைக்கும்). குரோமியம்-6 (குரோமியத்தின் நச்சு வடிவம், 6-ஆம் படியில் விளக்குகிறேன்) சோதனையை உண்மையிலேயே செய்துவரும், என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம். ஏழெட்டு மாதப் பொறுமை. ஒரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் தண்ணீரைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதால் இவ்வளவு என்கிறேன்.

1. முதலில் காகிதம்

வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்குப் போடுங்கள். விற்பனையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். குத்தகையும் அடமானமும்தான் நமக்கு முக்கியம். டேனரிகளை அடிக்கடி குத்தகைக்கு விடுவார்கள். உரிமையாளர் ஒருவராக இருக்க, உள்ளே தொழில் செய்தவர் நான்கைந்து பேராக இருப்பார்கள். வங்கி அடமானப் பத்திரத்தில் இயந்திரப் பட்டியல் இருந்தால் அது பெரிய உதவி. எத்தனை டிரம் (தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய பீப்பாய்), பாய்லர் உண்டா, ஃபினிஷிங் பிரிவு (தோலுக்கு நிறமும் மெருகும் ஏற்றும் இடம்) உண்டா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. அந்த ஆலைக்குக் கொடுத்த இசைவாணைகள் (ஆலை நடத்த அனுமதி), ஆய்வு அறிக்கைகள், மூடல் உத்தரவு, அபாயக் கழிவு அனுமதி ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த 30 நாளில் 2, 3-ஆம் படிகளைச் செய்துகொள்ளலாம்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் 2019-இல்தான் வேலூரிலிருந்து பிரிந்தன. அதற்கு முந்தைய கோப்புகள் வேலூர் பெயரிலும், இன்னும் பழையவை வட ஆற்காடு பெயரிலும் இருக்கும். புதிய மாவட்டப் பெயரில் மட்டும் கேட்டால் "ஆவணம் இல்லை" என்று பதில் வரும். அதை நம்பி "சுத்தமான நிலம்" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. அங்கே வேலை பார்த்தவர்களிடம் பேசுங்கள்

காகிதத்தில் ஏறாததெல்லாம் இவர்களுக்குத் தெரியும். டீக்கடையில் உட்கார்ந்து பொதுவாக விசாரித்தால் கதைதான் கிடைக்கும். உள்ளே வேலை செய்த பெரியவர் ஒருவரை நிலத்துக்கே அழைத்துப்போய், ஒவ்வொரு இடத்திலும் நின்று கேளுங்கள். "ஐயா, தோலை எங்கே ஊறவைத்தீர்கள்? சுண்ணாம்புக் குழி எது? டிரம் எங்கே நின்றது? டிரம்மைக் கவிழ்த்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? தோலைச் சீவிய ஷேவிங் தூளை எங்கே கொட்டினார்கள்? பொது சுத்திகரிப்பு நிலையம் வருவதற்கு முன்னால் கழிவுநீர் எந்த ஓடைக்குப் போனது?"

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. ஊறவைத்த இடத்தில் உப்பு இருக்கும். சுண்ணாம்புக் குழியில் சல்ஃபைடும் காரமும் இருக்கும். ஆட்டுத்தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு ஆர்செனிக் சல்ஃபைடு கலந்த பழைய காலம் ஒன்று உண்டு. ஆலை மிகப் பழையது என்றால் சோதனைப் பட்டியலில் ஆர்செனிக்கையும் சேர்க்க வேண்டும். டிரம் நின்ற இடத்திலும் அதன் வடிகாலிலும் குரோமியம். ஃபினிஷிங் பிரிவில் கரைப்பான்கள், சாயங்கள். டீசல் தொட்டி, மின்மாற்றி நின்ற இடங்களில் எண்ணெய்.

இன்னொரு கேள்வி, "இங்கே குரோம் தோலா, பட்டைத் தோலா?" ஆவாரம் பட்டை, வாட்டில் பட்டை வைத்து மட்டுமே பதனிட்ட இடம் என்றால் குரோமியம் மிகக் குறைவாகவே இருக்கலாம். ஆனால் உப்பும் சல்ஃபைடும் அங்கேயும் இருக்கும்.

கடைசியாக, எதையாவது எரித்தார்களா என்று கேளுங்கள். ஷேவிங்கையும் வெட்டுத் துண்டுகளையும் எரித்திருந்தால் அந்தச் சாம்பலைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஏன் என்று 6-ஆம் படியில் சொல்கிறேன்.

3. நடந்து பாருங்கள், குழிக்குள் மட்டும் இறங்காதீர்கள்

காலையில், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். நிலத்தின் நிறமும் மேடுபள்ளமும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். மழை விட்ட மறுநாள் இன்னும் நல்லது. தேங்கிய நீரின் ஓரத்தில் எலுமிச்சை மஞ்சள் தெரிந்தால் குரோமியம்-6 என்று சந்தேகப்படுங்கள். நீலப் பச்சை படிந்த சகதி பெரும்பாலும் குரோமியம்-3. சுவரின் அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். புல்லே முளைக்காத வட்டங்கள் இருக்கும். எல்லாவற்றையும் படம் எடுத்து, ஜி.பி.எஸ். புள்ளியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

மூடிக் கிடக்கும் தொட்டிக்குள்ளும் குழிக்குள்ளும் யாரும் இறங்கக் கூடாது, தலையை நீட்டிப் பார்க்கவும் கூடாது. பழைய சல்ஃபைடு சகதியைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விலகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வாயு அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது.

காய்ந்தது போலத் தெரியும் சகதியை நம்பி பழைய தொட்டிச் சுவரின் அருகிலும் நிற்காதீர்கள். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில், டேனரிகளின் பொது சுத்திகரிப்பு நிலையத்துச் சகதித் தொட்டியின் சுவர் இரவில் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்துபோனார்கள்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதையும் இப்போதே குறித்துவையுங்கள். பிறகு கழற்றும்போது நனைத்து, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். உடைத்துத் தள்ளக் கூடாது.

4. ஒரே தாளில் வரையுங்கள்

எஃப்.எம்.பி. நகலின் மேல், இதுவரை தெரிந்த எல்லாவற்றையும் வரையுங்கள். மூன்றே கேள்விகள்: நஞ்சு எங்கே இருக்கிறது, எந்த வழியாக நகரும், யாரைப் போய்ச் சேரும்.

உதாரணமாக: டிரம் ஷெட்டுக்குப் பின்னால் குரோமியம் ஊறிய மண். மழைநீர் வழியாகத் தென்கிழக்கு மூலைக்கு இறங்குகிறது. அங்கிருந்து 80 மீட்டரில் ஒரு வீட்டுக் கிணறு. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆபத்து இல்லை. பின்னால் சுத்தம் செய்யும்போது இந்த மூன்றில் எதை அறுப்பது என்றுதான் முடிவு செய்யப்போகிறோம். இந்தத் தாள் இல்லாமல் மாதிரி எடுக்கப் போனவர்கள் ஓடைக் கரையை விட்டுவிட்டு வாசலில் துளை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

5. நிலம் எதற்கு என்று இப்போதே முடிவு செய்யுங்கள்

எவ்வளவு சுத்தம் வேண்டும் என்பது அங்கே யார் வாழப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கனடாவின் மண் தர அளவுகளில் குரோமியம்-6, வீட்டு நிலத்தில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். வணிக, தொழிற்சாலை நிலத்தில் 1.4. அதே மண் கிடங்குக்குத் தேறும், குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்குத் தேறாது.

இதை முதலிலேயே பேசித் தீர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் போதும். அங்கே பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற இலக்கு போதுமா, காட்டுக்கும் கீழே உள்ள நீர்நிலைகளுக்கும் அது பாதுகாப்பா என்ற வாதமே பல ஆண்டுகள் ஓடியது.

தொழிற்சாலைப் பகுதி என்று வகைப்படுத்திய நிலத்தில் குடியிருப்பு கட்ட நில உபயோக மாற்றம் வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ., மற்ற ஊர்களில் டி.டி.சி.பி. விண்ணப்பத்தை இப்போது போட்டுவிடலாம். என் அபிப்பிராயம் ஒன்றும் உண்டு. மோசமான மூலையில் வாகன நிறுத்தம், நல்ல பகுதியில் வீடு என்று வரைபடத்தை மாற்றினால் பாதிச் செலவு மிச்சமாகும். கட்டட வரைபடக்காரரை இந்தப் படியிலேயே உட்கார வையுங்கள்.

6. மண் மாதிரி

ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். 20 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்டால் ஏக்கருக்குப் பத்துப் புள்ளி. இதோடு 4-ஆம் படித் தாளில் குறித்த சந்தேக இடங்கள் ஒவ்வொன்றிலும் தனிப் புள்ளி. கட்டம் மட்டும் போட்டால் சிறிய குழிகள் தப்பிவிடும். சந்தேக இடங்களை மட்டும் எடுத்தால், யாருக்கும் தெரியாமல் கொட்டியது தப்பிவிடும்.

ஒவ்வொரு புள்ளியிலும் மேல்மண், அரை மீட்டர், ஒரு மீட்டர், அப்புறம் இயற்கை மண் வரும் வரை மீட்டருக்கு ஒன்று. மேலே பரப்பிய கிராவலை மண் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். அதைத் தள்ளிவிட்டு அடியில் இருந்து எண்ணுங்கள். நிலத்துக்கு வெளியே, கழிவுநீர் எட்டாத மேட்டுப் பக்கத்தில் இரண்டு மூன்று மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மண்ணிலேயே இயற்கையாக எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் நம் எண்ணுக்குப் பொருள் கிடையாது.

பணம் மிச்சம் என்று ஐந்து புள்ளி மண்ணை ஒரே பையில் கலக்காதீர்கள். ஒரு புள்ளியில் 10 இருந்து மற்ற நான்கிலும் ஒன்றும் இல்லை என்றால் கலவையில் 2 என்று வரும். எந்தக் குழி என்றும் தெரியாது. மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது. எல்லா ஆழத்திலும் எடுத்து வைத்துக்கொண்டு, மேல் இரண்டை மட்டும் முதலில் சோதியுங்கள். அங்கே மாசு தெரிந்தால் அடியில் உள்ளதை அனுப்புங்கள். குரோமியம்-6 மாதிரியைக் குளிரில் வைத்தாலும் 30 நாளுக்குள் ஆய்வகம் எடுத்துவிட வேண்டும்.

இனி இந்த வேலையின் மையமான விஷயம். டேனரியில் பயன்படுவது குரோமியம்-3. அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நீரில் எளிதில் கரையாது. குரோமியம்-6 அப்படியல்ல. நீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். 3 என்பது 6 ஆக மாறவும் முடியும். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மெதுவாக மாறும். தோல் கழிவைக் காரத்தோடு சேர்த்து எரித்தால் வேகமாக மாறும். சாம்பலைத் தனியாகச் சோதிக்கச் சொன்னது இதற்காகத்தான். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் டேனரிக் கழிவைவிட ஆபத்தானதாக இருப்பதும் அதில் இருப்பது குரோமியம்-6 என்பதால்தான். அந்தக் குவியல் ஒரு லட்சம் டன்னுக்கும் மேல்.

அதனால் ஆய்வகத்திடம் "குரோமியம்" என்று மட்டும் கேட்காதீர்கள். மொத்தக் குரோமியம் ஒன்று, குரோமியம்-6 ஒன்று என்று இரண்டாகக் கேளுங்கள். கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். (எக்ஸ்-கதிர்) கருவி மொத்தத்தை மட்டும்தான் காட்டும். எந்தப் புள்ளியை முதலில் அனுப்புவது என்று தீர்மானிக்க மட்டுமே அது உதவும்.

களத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். சந்தேக மண்ணில் ஒரு கரண்டி எடுத்து வடிகட்டிய நீரில் குலுக்கித் தெளியவிடுங்கள். அமிலம் சேர்த்த டைஃபீனைல் கார்பசைடு கரைசலை இரண்டு சொட்டு விடுங்கள். குரோமியம்-6 இருந்தால் கத்தரிப்பூ நிறத்தில் ஊதா ஏறும். முதல்முறை அந்த நிறத்தைப் பார்த்த நிலச் சொந்தக்காரர் ஒருவர், பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேரனை உடனே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நிறம் வராவிட்டால் இல்லை என்று அர்த்தமல்ல, ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, ஆய்வகத்தின் கண்டறியும் எல்லை, அதாவது அதற்குக் கீழே இருந்தால் ஆய்வகத்தால் காண முடியாத அளவு. எல்லை 2 மில்லிகிராமாக இருந்து, உங்கள் அளவுகோல் 0.4 என்றால், "கண்டறியப்படவில்லை" என்ற அறிக்கைக்கு மதிப்பே இல்லை. மாதிரி கொடுக்கும் முன் இந்த எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. தண்ணீர்

பாலாற்றுக்கு இருபுறமும் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். தண்ணீர் சிதைந்த மேலடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் ஓடுகிறது. ஒரு கிணறு சுத்தமாக இருந்து முப்பது அடி தள்ளிய கிணறு உப்பாக இருப்பது இதனால்தான். ஒரே ஆழ்துளைக் கிணற்றின் அறிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேட்டுப் பக்கம் ஒன்று, சரிவுப் பக்கம் இரண்டு என்றாவது வேண்டும்.

சித்திரை வைகாசியில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து தையில் ஒருமுறை எடுங்கள். நீர்மட்டம் ஏறும்போது மேலடுக்கில் காய்ந்திருந்தது கரைந்து இறங்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கரைந்த உப்புகள் 500, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. நீரில் குரோமியம்-6 சோதனைக்கு 24 மணி நேரமே அவகாசம். வெள்ளிக்கிழமை மாலை எடுத்துத் திங்களன்று கொடுக்காதீர்கள்.

கண்காணிப்புக் கிணறு தோண்டும்போது, மாசடைந்த மேலடுக்கைக் கேசிங் குழாயும் பென்டோனைட் களிமண்ணும் வைத்து அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் நாம் போட்ட துளையே நஞ்சைக் கீழே இறக்கும் வழியாகிவிடும்.

8. வாரியத்திடம் போவது

முடிவுகளை மறைத்து மேலே கட்டிவிடலாம் என்று யோசிக்க வேண்டாம். 2025 ஜூலையில் மாசடைந்த தளங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகளை அறிவித்திருக்கிறது. சந்தேகத் தளம், முதற்கட்ட ஆய்வு, விரிவான ஆய்வு, சீரமைப்புத் திட்டம் என்று வரிசை இருக்கிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

இந்தக் கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று நம் வேலூர் டேனரி வழக்கில்தான் நிலைநாட்டியது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு மட்டுமல்ல, கெட்டுப்போன சூழலைச் சீர்செய்யும் செலவும் சேர்ந்ததே பொறுப்பு என்றது. ஆகவே இன்னும் கிரயம் ஆகவில்லை என்றால், ஆய்வு அறிக்கையை ஒப்பந்தத்தோடு இணைத்து, சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். கிரயத்துக்குப் பிறகு கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

9. சுத்தம் செய்யும் வழி

எல்லா மண்ணையும் அள்ளிவிடலாம் என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கரை ஒரு மீட்டர் ஆழம் அள்ளினால் 4,000 கன மீட்டர், அதாவது 7,000 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. 16 டன் லோடு என்றால் 430 நடை. அதுவும் கண்ட பள்ளத்தில் கொட்ட முடியாது, அபாயக் கழிவு என்றால் கும்மிடிப்பூண்டி போன்ற அனுமதி பெற்ற நிரப்பிடத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் மோசமான சிறு பகுதியை மட்டும் அள்ளுங்கள். மீதிக்கு வேறு வழி.

குரோமியம்-6 உள்ள மண்ணுக்கு நன்கு தெரிந்த முறை, இரும்பு சல்ஃபேட், அதாவது நம் அன்னபேதியைக் கலந்து 6-ஐ 3 ஆக இறக்குவது. முதலில் ஆய்வகத்தில் சிறு அளவில் செய்து, எத்தனை சதவீதம் போதும் என்று பாருங்கள். இரண்டு எச்சரிக்கைகள். சல்ஃபைடு சகதி இருக்கும் இடத்தில் இதைக் கொட்டாதீர்கள், அமிலத்தன்மையால் விஷவாயு கிளம்பும். அந்தச் சகதியை முதலில் பம்ப் வைத்து எடுத்துவிட வேண்டும். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணிலும் கவனம் வேண்டும். சல்ஃபேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்து மண் பின்னாளில் வீங்கும், தரை வெடிக்கும்.

குரோமியம்-3 மட்டும் உள்ள பரப்பில் மூடுவதே போதுமானதாக இருக்கலாம். எச்.டி.பி.இ. (தடித்த பிளாஸ்டிக்) விரிப்பு, அதன் மேல் களிமண், அதன் மேல் நல்ல மண் அல்லது கான்கிரீட் தளம். நஞ்சு அங்கேயே இருக்கிறது, வழியைத்தான் அறுக்கிறோம். எனவே இதைச் செய்த இடத்தில் பிறகு யாரும் தோண்டக் கூடாது.

10. வேலை நடக்கும் நாட்கள்

ஐப்பசி, கார்த்திகையில் குழியைத் திறக்காதீர்கள். ஒரே மழையில் நிலம் முழுக்கப் பரவிவிடும். தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். லாரிக்குத் தார்ப்பாய் போட்டு, வெளியேறும் இடத்தில் சக்கரத்தைக் கழுவுங்கள், கழுவிய நீரைத் தொட்டியில் பிடியுங்கள். அபாயக் கழிவு லாரி ஒவ்வொன்றுக்கும் படிவம் 10 (கழிவோடு கூடவே போகும் சீட்டு) வேண்டும். நிரப்பிடம் கையெழுத்திட்ட பிரதி திரும்பி வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். வராத லோடு எங்கோ கொட்டப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு விசாரியுங்கள்.

11. சரிபார்த்த பிறகே நிரப்புங்கள்

அள்ளி முடித்த குழியின் அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் மறுபடி மாதிரி எடுங்கள். அறிக்கை வரும் வரை குழி திறந்தே இருக்கட்டும். ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்துவார், விடாதீர்கள். மூடிய குழியை மறுபடி திறக்கும் செலவு இரு மடங்கு.

நிரப்பக் கொண்டுவரும் மண்ணையும் சோதியுங்கள். டேனரி ஊர்களில் சில ஏரிகள் பல ஆண்டு கழிவுநீர் வாங்கியவை. அந்த ஏரி மண்ணை "நல்ல சவுடு" என்று கொண்டுவந்து கொட்டினால், எடுத்ததைவிட மோசமானது உள்ளே வரலாம்.

12. அஸ்திவாரம்

குரோமியத்தைப் பற்றியே பேசி உப்பை மறந்துவிடுகிறார்கள். ஊறவைத்த தொட்டிகள் இருந்த மண்ணில் குளோரைடு கம்பியை அரிக்கும், சல்ஃபேட் கான்கிரீட்டை அரிக்கும். மண், நிலத்தடி நீர் இரண்டிலும் இவற்றைச் சோதித்து, எந்த சிமென்ட், எவ்வளவு கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் தடிமன்) என்று பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு கட்டாயம். அது இல்லாத வீட்டில் மூன்றாம் வருடமே சுவரில் உப்பு பூத்து, பூச்சு உதிர்ந்ததைப் பார்த்தேன்.

13. வீடு கட்டிய பிறகு

கண்காணிப்புக் கிணறுகளை மூடிவிடாதீர்கள். ஆண்டுக்கு இருமுறை, அதே மாதங்களில், அதே ஆய்வகத்தில் சோதியுங்கள். நிலத்தில் புதிய ஆழ்துளைக் கிணறு போடாதீர்கள்.

மூடிய பகுதியின் அளவு, ஆழம், அடியில் இருப்பது என்ன, எங்கே தோண்டக் கூடாது என்பதை ஒரு வரைபடமாக்கி, ஒவ்வொரு மனைப் பத்திரத்தோடும் இணைப்பாகப் பதிவு செய்யுங்கள். உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரு நகலைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பத்து வருடம் கழித்து மரம் நடவோ செப்டிக் டேங்க் தோண்டவோ ஆள் கூட்டி வருபவர் உங்களைப் பார்த்திருக்க மாட்டார். அவர் கையில் இருக்கப்போவது அந்தப் பத்திரம் மட்டும்தான்.